காலனி முனையில் சப்பரம்

காலைப் பூசையில் சாமியார் ஒரு லத்தீன் சொல்லைச் சொன்னார். ‘வீக்காத்திம்’ என்றால் ஊர் ஊராக, தெருத்தெருவாக, ஒன்றையும் விடாமல். மாதா சப்பரமும் இன்று அப்படித்தான் போகும் என்றார். ஜெபசீலி அதை நம்பித் தொலைத்து, வாசலில் மெழுகுவத்தி ஏற்றி வைத்தாள்.

மாலையில் ஓசூர் ரோட்டையெல்லாம் சுற்றிய சப்பரம், காலனி முனைக்கு வந்ததும் வருசா வருசம் போலவே திரும்பியது. விழாக்குழுத் தலைவர் அருள்ஜோசப்பை அவள் மறித்தாள்.

"ஏங்ணா, எங்குளுது மட்டும் தெரு இல்லீங்களா?"

"சந்து குறுகலும்மா. சப்பரம் நுழையாது."

"கம்பெனி பஸ்ஸு தெனமும் நுழையுதே."

"நல்ல நாளும் அதுவுமா வம்பு பண்ணாத. தள்ளு."

அவள் தள்ளவில்லை. சப்பரம் சுமந்தவர்களைப் பார்த்தாள். அத்தனை பேரும் காலனிக்காரர்கள்; ஷிப்டுக்கு லீவு போட்டு வந்தவர்கள். முன்னால் அவள் புருஷன் ஸ்டெபின் தோள் கொடுத்து நின்றான்.

"எறக்குங்க" என்றாள் அவனிடம்.

ஸ்டெபின் குனிந்தான். மற்றவர்களும் குனிந்தார்கள். சப்பரம் நடுரோட்டில் உட்கார்ந்தது.

அருள்ஜோசப் தன் தெரு ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் நகரவில்லை.

"இப்ப நீங்க தூக்குங்க" என்றாள் ஜெபசீலி. "தெருத்தெருவா."