சுவருக்கு அந்தப் பக்கம்

முழங்கால் உயரமே வளர்ந்த பிரிமித்தீவோ திராட்சைச் செடிகளின் முன்னே, பெண்கள் இடுப்பை மடித்துக் குனிந்தபடி நகர்ந்தார்கள். கடல் தாண்டி வந்த தென்காற்று செம்மண்ணின் வெம்மையையும் வாரிக்கொண்டு முகத்தில் அறைந்தது. வரிசைகளின் முடிவில் ஒரு கற்சுவர். அதற்கப்பாலும் இதே மண், இதே பழம். ஆயினும் இந்தப் பக்கத்துப் பழத்தின் மதுவுக்கே சட்டப்படி மந்தூரியா என்னும் ஊர்ப்பெயரைச் சூட்டலாம். அந்தப் பெயரின் எல்லை அச்சுவரோடு முடிந்தது.

"அந்தப் பக்கத்துப் பழம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் கோசிமா. "ஞானஸ்நானம் வாங்கலியோ?"

"வாய மூடிட்டு வெட்டுக்கா, மேஸ்திரி பாக்குறான்" என்ற தங்கை விட்டாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அக்காளின் கழுத்தில் வியர்வை இல்லை. தோல் சுட்ட செங்கல்லாய்ச் சிவந்து உலர்ந்திருந்தது. சென்ற கோடையில் இப்படி வியர்வை நின்றுபோன ஒருத்தி வீடு திரும்பவில்லை.

"அக்கா, உக்காரு."

"இந்த வரிசைய முடிச்சிட்டு..." கத்தரி நழுவியது. கோசிமா செடியின்மேல் சரிந்தாள்.

மேஸ்திரி ஒரோன்சோ ஓடிவந்தான். அதே வேளையில் சாலையில் செம்புழுதி எழுந்தது: எல்லைக்குட்பட்ட தோட்டங்களைச் சோதிக்கும் அதிகாரிகளின் கார்.

"தூக்குங்கடி. சுவருக்கு அந்தப் பக்கம்!"

"ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க மேஸ்திரி, ஒடம்பு கொதிக்குது!"

"கூப்பிட்டாச்சு. அந்தப் பக்கத்து ரோட்டுக்குத்தான் வரும். உங்க யாரு பேரும் வேலைப் பதிவுல இல்ல, ஞாபகம் இருக்கட்டும். சத்தம் வந்துச்சு, நாளைக்கு ஒருத்தியும் என் வண்டியில ஏற மாட்டீங்க."

ஆனால் அவன் கைபேசியை எடுத்து விட்டா பார்க்கவேயில்லை.

பெண்கள் கோசிமாவைச் சுவர் தாண்டி இறக்க, விட்டாவும் கூடவே இறங்கினாள். அங்கே சுவரடியில் ஒரு சாண் நிழல். அக்காளின் தலையை மடியில் ஏந்தி, "மரியே, தாயே, இரங்கும்" என்று உதடசைத்தபடி அவள் சாலையைப் பார்த்திருந்தாள். சாலை வெறுமையாய்க் கிடந்தது. கோசிமாவின் மூச்சு விட்டுவிட்டு வந்தது.

"நல்ல பழம். ஆனா வெயில்ல வாடுதே, மூடி வைக்கக் கூடாதா?" என்றது தோட்டத்துப் பக்கமிருந்து ஓர் அதிகாரியின் குரல்.

"இதோ, ஐயா." ஒரோன்சோ பீப்பாய் நீரில் கித்தானை முக்கியெடுத்து, சுவரோரம் அடுக்கிய பெட்டிகள்மேல் விரித்தான். அதன் முனையொன்று சுவர் தாண்டித் தொங்கிச் சொட்டியது. விட்டா அக்காளை இழுத்து, அத்துளிகளின் கீழே அவள் நெற்றியைக் கிடத்தினாள். ஒரு துளி, மற்றொன்று. இமை அசைந்தது.

"ஐயா..." என்றாள் விட்டா. வறண்ட தொண்டையிலிருந்து பாதிக் குரலே எழுந்தது.

"யாரது அங்க?"

"பக்கத்துத் தோட்டத்து ஆளுங்க, ஐயா. நம்ம எல்லையில இல்ல."

சுவரின்மேல் ஒரு கை தெரிந்தது. சொட்டிக்கொண்டிருந்த கித்தான் முனையைப் பற்றி இழுத்து, பெட்டிகளின்மேல் சுருக்கமின்றிப் போர்த்தியது.