முதல் பிரதி

"நீங்க அவங்களுக்குத் தங்கச்சிங்களா?" என்று அச்சகக்காரர் கிருஷ்ணப்பன் கேட்டார். ராஜமேரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. காரிமங்கலத்தில் பஸ் ஏறி, தர்மபுரியில் இறங்கி, ஐப்பசி மழைச் சேற்றில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். தன் சமையல் புத்தகத்தை வாங்கிப்போக வந்த இடத்தில் தங்கச்சி எங்கிருந்து முளைத்தாள்? நான்தாங்க ராஜமேரி என்றாள். கிருஷ்ணப்பன் அவளைப் பார்த்தார். மேசை மேலிருந்த கட்டைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

கட்டைப் பிரித்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அட்டையில் அவள் படம், சுற்றிலும் தடித்த கறுப்புக் கட்டம், மேலே ஒரு சிலுவை. கீழே ‘அன்னையின் நினைவாக’ என்று கொட்டை எழுத்து. உள்ளே புரட்டினால் அவள் எழுதிக் கொடுத்த கருவாட்டுக் குழம்பும் கொள்ளுக் கடைசலும் சாமைப் பொங்கலும் ஓர் எழுத்துப் பிசகாமல் அப்படியே இருந்தன. எழுதியவள்தான் செத்திருந்தாள்.

கிருஷ்ணப்பனையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும்தான். புத்தகம் என்று அவர் அடித்தது இதுதான் முதல் தடவை. ராஜமேரிக்கு அப்போது காய்ச்சல். எழுதிய நோட்டையும் தன் படத்தையும் கோயில் உபதேசியாரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். அந்த ஊரிலிருந்து உபதேசியார் ஒரு படத்தோடு அச்சகத்துப் படி ஏறினால் யாரோ கர்த்தரிடம் போய்விட்டார்கள் என்றுதான் அர்த்தம். எத்தனை வருஷமாக நடக்கிற சங்கதி! போதாக்குறைக்கு, ‘பிள்ளைகள் மறக்காமல் இருக்க எழுதியது’ என்று முதல் பக்கத்தில் இவளே எழுதி வைத்திருந்தாள். உபதேசியாரோ நோட்டை வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடியிருக்கிறார். "செத்த தேதி குடுக்காம போயிட்டாரேன்னு அதை மட்டும் விட்டுட்டேங்க" என்றார் கிருஷ்ணப்பன், பெரிய உபகாரம் செய்தவர் போல. மேலே வேறு அட்டை ஒட்டித் தருகிறேன், காலணா வேண்டாம் என்று கையைப் பிசைந்தார்.

அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நோட்டுக்குள் ஒரு விலாசத்தை மடித்து வைத்து, அடித்து முடித்ததும் முதல் புத்தகத்தை இங்கே அனுப்பிவிடுங்கள் என்று எழுதியிருந்தாளே. அந்தப் புத்தகம் எங்கே என்று கேட்டாள்.

"பெங்களூருக்குத்தானுங்களே? அன்னைக்கே போஸ்ட்ல போட்டுட்டேனுங்க."

ராஜமேரி அங்கேயே காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கிருஷ்ணப்பன் சோடா வாங்கிவர ஆள் அனுப்பினார்.

அந்த விலாசம் அவள் மகன் ஞானராஜுடையது. பெங்களூருக்கு லேத்துப் பட்டறை வேலைக்குப் போனவன், கெம்பம்மா என்ற கன்னடத்துப் பெண்ணைக் கோயிலுக்குக் கூட்டிவராமலே கல்யாணம் செய்துகொண்டான். அவன் அப்பா கஸ்பாருக்கு அது ஆறவேயில்லை. நான் செத்தாலும் அவனுக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். சொன்ன மாதிரியே செத்தும் போனார். இவள் சத்தியத்தைக் காப்பாற்றினாள். யார் வாய் வழியாகவோ ஒரு மாதம் கழித்துத்தான் மகனுக்குத் தெரிந்தது. அப்பனைப் புதைத்ததைச் சொல்லாதவள் எனக்கு ஆத்தாளே இல்லை என்று சொல்லியனுப்பினான். அதற்கப்புறம் ஒரு பேச்சும் இல்லை. நாலு வருஷம் ஓடிவிட்டது. பெற்ற வயிறு சும்மா இருக்குமா? கடிதம் எழுத உட்கார்வாள். ‘அன்பு மகனுக்கு’ என்பதைத் தாண்டிப் பேனா நகராது. குழம்பு வைப்பதை எழுத உட்கார்ந்தால் மட்டும் பக்கம் பக்கமாக ஓடியது. சரி, அதையே அனுப்புவோம், என் கைச்சோற்றை நினைத்தாவது வரட்டும் என்றுதான் இரண்டு வெள்ளாட்டை விற்று இந்தப் புத்தகமே போட்டாள். சுற்றுவட்டாரத்துத் திருவிழாவுக்கெல்லாம் சமைக்கிறவள், பேர் வாங்க ஆசைப்படுகிறாள் என்று ஊர் நினைத்தது. நினைத்துவிட்டுப் போகட்டும்.

தர்மபுரி தபாலாபீஸ் வாசலில் ஒரு கார்டை வாங்கிவிட்டாள். உயிரோடுதான் இருக்கிறேன் என்று எழுத எத்தனை நேரமாகும்? ஆனால் எழுதவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நெஞ்சுக்குள் ஒரு குரூரமான ஆசை கிளம்பியது. இதற்காவது வருகிறானா பார்ப்போம்.

வரவில்லை. ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் வாசலுக்குப் போய் நின்றாள். வாரம் ஒன்று போயிற்று, இன்னொன்றும் போயிற்று. அம்மா செத்தாள் என்று கேட்ட பிறகும் ஒரு பிள்ளையால் பட்டறைக்குப் போய் இரும்பு கடைய முடியுமா? அட்டை மாற்றிய புத்தகங்கள் வந்து சேர்ந்தன. பக்கத்து வீட்டு மிக்கேலம்மாள் ஒன்றை வாங்கிப் புரட்டி, ரொம்ப நல்லா வந்திருக்குதுக்கா என்றாள். ராஜமேரிக்கு அது காதிலேயே ஏறவில்லை. நிஜமாகவே செத்துவிட்ட மாதிரிதான் நடமாடிக்கொண்டிருந்தாள்.

கல்லறைத் திருநாள் வந்தது. காலையிலேயே ஊர் மொத்தமும் கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. புதுச் சுண்ணாம்பு அடித்த சிலுவைகள், ஈர மண்ணில் நட்ட மெழுகுவத்திகள், சாமந்திப் பூ. சாமியார் எவ்வளவு திட்டினாலும், செத்தவருக்குப் பிடித்ததை இலையில் வைக்கிற வழக்கத்தை அவர்கள் விடவில்லை. ராஜமேரி கஸ்பாரின் தலைமாட்டில் நாலு கொழுக்கட்டையும் ஒரு கட்டு பீடியும் வைத்துவிட்டு, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசி வரிசையிலிருந்து ஒருவன் ஒவ்வொரு சிலுவையாகக் குனிந்து பேர் படித்துக்கொண்டே வந்தான். கையில் ரோஜா மாலை. பின்னால் ஒரு பெண், டிபன் கேரியரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். அந்த நடை ராஜமேரிக்குத் தெரிந்த நடை. கூப்பிட வாய் வரவில்லை. அவன் கஸ்பாரின் சிலுவைக்கு வந்தான், படித்தான், பக்கத்தில் புது மண்மேடு எங்கே என்று தேடினான். அட்டைப் படத்தில் பார்த்த முகத்தை முதலில் அடையாளம் கண்டது அந்தப் பெண்தான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

ஞானராஜ் திரும்பினான். கத்தவில்லை, ஓடவுமில்லை. அப்படியே சேற்றில் உட்கார்ந்தான். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் ஜெபத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"நீயும் சொல்லாம போயிட்டேன்னு நெனைச்சேம்மா."

ராஜமேரி அச்சகத்தில் நடந்த குளறுபடியைத் திக்கித் திணறிச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே சேற்றைப் பார்த்திருந்தான். பொதைச்சு முடிச்ச வூட்டுக்கு வந்து யாரைப் பார்க்கிறது, அதுதான் இந்த நாளுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன் என்றான்.

"நீ ஒரு கார்டு போட்டிருக்கக் கூடாதாம்மா?"

"போட்டிருந்தா வந்திருப்பியா?"



கெம்பம்மாதான் முதலில் அசைந்தாள். எதிரே குந்தி உட்கார்ந்து, கேரியரைத் திறந்து, அடுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ராகிக் களி, கீழடுக்கில் கருவாட்டுக் குழம்பு. கருவாட்டை இவள் இதுவரை கையாலும் தொட்டதில்லை, நான் புத்தகத்தைப் படிக்கப் படிக்க இவளே வைத்தாள் என்று ஞானராஜ் சேற்றைப் பார்த்தபடியே சொன்னான். ராஜமேரி களியைப் பிட்டு, குழம்பில் தோய்த்து வாயில் போட்டாள். உப்பு தாங்க முடியவில்லை. கருவாட்டை மூன்று தண்ணீர் அலசிவிட்டுப் போட வேண்டும் என்று அவள் எழுதவேயில்லை, எழுதத் தோன்றவுமில்லை. இந்த வட்டாரத்தில் அது தெரியாதவர் யார்?

கெம்பம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜமேரி விழுங்கினாள். இன்னொரு பிடி எடுத்தாள். கண்ணிலிருந்து ஒழுகியதைத் துடைக்காமல் தின்றாள். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே அந்த வரிசைக்கு வந்துவிட்டார். ஞானராஜ் எழுந்து நின்றான், கொண்டுவந்த மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல்.