அவர் என்ன சொல்கிறார்

இவளிடம் இப்போதே சொல்லிவிட்டால் என்ன? உன் அண்ணன் பேசுவதில் ஒரு எழுத்துகூட எனக்குப் புரிவதில்லை. பக்கவாதம் வந்து வாய் கோணிய நாளிலிருந்தே புரியவில்லை. நான் சொன்னதெல்லாம் குத்துமதிப்பு. சொன்னால் பாரம் இறங்கும். ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

கட்டிலோரச் சின்ன மேசையில் வெள்ளைத் துணியை விரித்தபடி அவள் நாத்தனாரைப் பார்த்தாள். மேசைமேல் சிலுவை, இரண்டு மெழுகுவத்தி, தண்ணீர், எண்ணெயைத் துடைக்கப் பஞ்சு எல்லாம் தயாராக இருந்தன. டாக்டர் கைவிரித்துவிட்டார். நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதல் கொடுக்கச் சாமியார் வந்துகொண்டிருந்தார். கட்டிலில் அவள் கணவர் கண்மூடிக் கிடந்தார்.

"ஃபாதர்கிட்ட போன்லயே சொல்லிட்டேன் அண்ணி," என்றாள் நாத்தனார். "அண்ணன் பேச்சு உலகத்துல ஒரே ஆளுக்குத்தான் விளங்கும், அது எங்க அண்ணிக்குன்னு. நல்லா இருந்த காலத்துலயே அவரு வாயிலேருந்து ஒரு வார்த்தைய எடுக்கக் குறடு வேணும். எங்க வீட்டுக்காரர் பேச்சு தெருமுனை வரைக்கும் கேக்குது, எனக்குத்தான் இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் புரியல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டும் சிரித்தாள். சிரித்த பிறகு சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது.

எல்லாம் நல்லெண்ணத்தில்தான் தொடங்கியது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த வாரம், கூட வேலை செய்தவர் பார்க்க வந்தார். கணவரின் தொண்டையிலிருந்து கொழகொழவென்று ஏதோ வந்தது. வந்தவர் திகைத்துப்போய் இவள் முகத்தைப் பார்த்தார். அந்தத் திகைப்பைத் தாங்க முடியாமல், "அந்த ஆஸ்டல் லிஃப்ட்டுக்குக் கயிறு மாத்தியாச்சான்னு கேக்கிறாரு," என்று சொல்லிவிட்டாள். அந்த மனிதர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதார். மாத்தியாச்சுண்ணே, மாத்தியாச்சு என்றார். கணவர் கண்ணை மூடிக்கொண்டார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

பிறகு அதுவே பழக்கமானது. தண்ணீர், போர்வை, ஜன்னலைச் சாத்து, பிள்ளைகளை விசாரித்ததாகச் சொல். அவர் கேட்கக்கூடியவை அவ்வளவுதானே என்று நினைத்தாள். ஒவ்வொரு முறையும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

சாமியார் வயதில் சிறியவர். மூச்சு வாங்கப் படியேறி வந்து, ஊதா நிறத் தோள்துண்டை முத்தமிட்டுக் கழுத்தில் போட்டுக்கொண்டார். நோயாளி தன் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைத் தனியே கேட்க வேண்டுமென்று எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். அவளும் எழுந்தாள். கணவரின் இடக்கை அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டது. விழுந்துகிடக்கும் உடம்பில் இத்தனை வலு எங்கிருந்தது?

"பேச வேண்டாம்யா," என்றார் சாமியார் குனிந்து. "மனசுக்குள்ள வருத்தப்பட்டாலே போதும். ஆண்டவருக்குத் தெரியும். நான் மன்னிப்புக் கொடுக்கிறேன்." கையை உயர்த்தினார்.

கணவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினார். பிறகு அவளை நோக்கித் திரும்பிப் பேசத் தொடங்கினார். தண்ணீருக்கும் போர்வைக்கும் இவ்வளவு நேரம் பிடிக்காது. நடுநடுவே நிறுத்தினார், எச்சிலை விழுங்கினார், திரும்பவும் முதலிலிருந்து வந்தார். கடைவாயில் வழிந்ததை அவள் துடைத்தாள். அவர் கண்ணும் வழிந்தது.

சாமியார் கையை இறக்கினார். "மனசுல இருக்கிறதச் சொல்லாம இவருக்கு நிம்மதி வராது போல. உங்களுக்குப் புரியும்னு தங்கச்சி சொன்னாங்க. இன்னொருத்தர் மூலமா சொல்றதுக்குத் திருச்சபை இடம் கொடுக்குதும்மா. ஆனா எனக்கு இருக்கிற அதே ரகசியம் உங்களுக்கும் இருக்கு. சாகிற வரைக்கும் வெளிய போகக்கூடாது." பிறகு கணவரிடம், "அம்மா சொல்லட்டுமா?" என்றார். சரியென்று அவர் தலை அசைந்தது.

சொல்லிவிடலாம். கோபப்பட்டிருக்கிறார், பூசைக்குப் போகாமல் இருந்திருக்கிறார், கொஞ்ச காலம் குடித்தார். எந்த மனிதனுக்கும் பொருந்துகிற பாவங்கள். சாமியார் மன்னிப்பார், எண்ணெய் பூசுவார், நாக்கில் நற்கருணை அப்பத்தில் ஒரு துணுக்கு வைப்பார். நாத்தனார் வெளியே நிம்மதியாக அழுவாள். யாருக்குத் தெரியப்போகிறது?

அவருக்குத் தெரியும்.

அவருக்குக் காது கேட்கிறது. எப்போதும் கேட்டது. கயிறு மாற்றியாயிற்றா என்று அவர் கேட்கவே இல்லை. வேறு எதையோ சொல்லிவிட்டு, மனைவி அதைக் கயிறாக்குவதைப் படுத்தபடியே கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் கண்ணை மூடியது ஆமாம் என்பதற்கல்ல. அலுத்துப்போய் மூடியிருக்கிறார். ஆனாலும் இன்றைக்கு இந்தக் கடைசி விஷயத்தைத் தூக்கிக்கொண்டு அவளிடமே வந்திருக்கிறார். அவருக்கும் வேறு ஆளில்லை.

ஒரு சொல், ஒரே ஒரு சொல் தெரியட்டும் என்று அவர் வாயருகே காதை வைத்தாள். காய்ச்சலின் சூடும் மருந்து வாடையும் வந்தன. ஓசை ஏறி இறங்கியது. 'ம'வில் ஏதோ வந்தது. மகனா, மன்னிப்பா, மறந்துவிட்டதா? இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவளுக்கு, இந்த மனிதர் எதற்காக அழுவார் என்று ஊகிக்கக்கூட முடியவில்லை.

"சொல்லுங்கம்மா," என்றார் சாமியார் மெல்ல. "என்ன சொல்றாரு?"

"தெரியல ஃபாதர்."

"அவசரமில்ல. இன்னொரு தடவ கேளுங்க."

"எனக்கு எப்பவுமே தெரியல. நானாதான் எதையாவது சொல்லிட்டிருந்தேன்."

மணிக்கட்டில் இருந்த பிடி தளரவில்லை. கணவரின் கண் திறந்தேதான் இருந்தது. அதைப் பார்க்கத் துணிவில்லாமல் அவள் போர்வையின் ஓரத்தைப் பார்த்தாள்.

சாமியார் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பரவால்லம்மா. உங்களுக்குத் தோணுறத ஒரு வார்த்த சொல்லுங்க. அவர் மனசு ஆறட்டும். மிச்சத்த ஆண்டவர் பார்த்துக்குவாரு."

அவள் தலையை இடவலமாக அசைத்தாள்.

"இனிமே நான் சொல்லமாட்டேன் ஃபாதர்," என்றாள்.