பின்னிருக்கைக்கு ஒரு ஜன்னல்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எழுதுகிறவளுக்கு வேலை வெட்டி எதுவும் கிடையாது என்று என் தங்கை உறுதியாக நம்புவதால் பிறந்த கதை இது.

"நீ சும்மாதானே இருக்க? அம்மாவையும் கூட்டிட்டு வா. ரெண்டு பேரும் என் கார்ல கொஞ்ச நேரம் உட்காரணும்," என்றாள் போனில்.

"எங்க போறோம்?"

"எங்கயும் இல்ல. எஞ்சின் கிடையாது, சக்கரம் கிடையாது. சீட் மட்டும் இருக்கு."

அந்தக் காரின் பின்னிருக்கையில் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பலகைகளை அடித்துச் சேர்த்த ஒரு சட்டம். பழைய வண்டி எதிலிருந்தோ கழற்றிய இருக்கைகள். கதவு இருக்க வேண்டிய இடத்தில் வெட்டிய அட்டை. என் பக்கத்தில் அம்மா. எதிர்ச் சுவரில் இதே கார், பக்கவாட்டுத் தோற்றத்தில், முழு அளவில், கறுப்பு டேப்பால் ஆன கோடுகளாக நிற்கிறது. கார் வரையப் படிக்கிறவர்கள் பெரிய படத்துக்குப் பேனா எடுப்பதில்லை. விரல் அகலம்கூட இல்லாத டேப்பைச் சுவரில் இழுத்து ஒட்டுகிறார்கள். கோடு பிடிக்காவிட்டால் உரித்துவிட்டு வேறு இடத்தில் ஒட்டலாம்.

[எழுத்துக்கும் இப்படி ஒரு வசதி இருந்தால்... வேண்டாம். இந்த ஒப்புமையை இவ்வளவு சீக்கிரம் செலவழிக்கக் கூடாது.]

2

முதலில் முயன்று கைவிட்ட தொடக்கங்கள்:

"சிறுமியாக இருந்தபோதே அவள் கார்களைக் கனவு கண்..." பொய். சிறுமியாக இருந்தபோது அவள் வரைந்ததெல்லாம் மீசைதான். செய்தித்தாளில் வந்த எல்லா முகங்களுக்கும் வரைவாள். பெண்களுக்கும் சேர்த்து.

"கார் என்பது நகரும் தனிமை." எழுதி முடித்ததும் எனக்கே கொட்டாவி வந்தது.

"கட்டட வரைபட அலுவலகம் ஒன்றில் பல வருடங்களாகக் குழாய் போகும் வழியை வரைந்துகொண்டிருந்த ஒருத்தி, ஒரு நாள்..." இது கிட்டத்தட்ட உண்மை. ஆனால் 'ஒரு நாள்' என்று எதுவும் வரவில்லை. குளியலறைக் குழாய்களின் ஓரத்தில் மெதுவாகக் கார்கள் முளைத்தன. முதலில் ஒரு சக்கரம், பிறகு ஒரு முகப்பு. ஒரு முறை கட்டடத்தின் சொந்தக்காரரே வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "கழிவறைக்குள்ள ஏம்மா வண்டி நிக்குது?" என்று கேட்டாராம். வேலையை விட்டுவிட்டு இந்த வகுப்பில் சேர்ந்தபோது அவளுக்கு வகுப்பிலேயே அதிக வயது. பாடம் நடத்துகிறவரைவிடவும் அதிகம்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். நாளைக் காலை தேர்வுக்குழு வருகிறது. இந்த ஸ்டூடியோவின் சுவர்களில் ஒட்டியிருக்கும் கார்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்பார்கள். அதைக் களிமண்ணில் முழு உருவமாகச் செய்வார்கள். வரைந்தவருக்கு இங்கேயே வேலை. மற்றவர்கள் வந்த வழியே திரும்பலாம். என் தங்கைக்கு வந்த வழி என்றால், குழாய் வழி.

3

கதைக்குள் போகும் முன் கொஞ்சம் சுற்றிப் பார்க்கலாம். இங்கே எல்லாமே கொஞ்சம் மிதக்கிறது. உயரமான ஜன்னல்களிலிருந்து இறங்கும் பிற்பகல் வெளிச்சத்தில் களிமண் தூசு படியாமல் நிற்கிறது. மூலையில் ஓர் அடுப்பு, ரொட்டி சுடுவதற்கு அல்ல, களிமண்ணை இளக்குவதற்கு. அதன் வெதுவெதுப்பான எண்ணெய் வாசனை அறை முழுக்கப் பரவியிருக்கிறது. எல்லாச் சுவர்களிலும் இன்னும் பிறக்காத கார்கள். ஓடுவதற்கு முன்பே வேகமாக இருக்கின்றன.

முதல் முறை இங்கே வந்தபோது படங்களையெல்லாம் பார்த்துவிட்டு, "ஏன் எல்லாக் கண்ணாடியும் கறுப்பா இருக்கு? உள்ள யாரு?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லக்கா. ஆளை வரைஞ்சா குட்டு வெளிப்பட்டுடும். இந்தக் கூரைக்கு அடியில ஒரு தலை போகாது. அதான் கறுப்படிச்சுடறது."

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் இது என்னைக் குடைந்துகொண்டே வந்தது. என் கதைகளிலும் பெண்கள் அழகான வளைவோடு வந்து நிற்கிறார்கள். கண்ணாடி கறுப்பு. உள்ளே ஒருத்தி முழங்காலை மடக்கி, கழுத்தை நிமிர்த்தி உட்கார இடம் இருக்கிறதா என்று நான்

[இந்த வாக்கியத்தை முடிக்காமல் விடுகிறேன். முடித்தால் நன்றாக இருக்கும் என்பதால்தான்.]

தங்கையின் கார், 'உள்ள யாரு?' என்ற அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. அவள் உள்ளே ஓர் ஆளை உட்காரவைத்துவிட்டு அவரைச் சுற்றி வரைந்தாள். அதுவும் ஓட்டுகிறவரை அல்ல, பின்னால் உட்காருகிறவரை.

"முன்னாடி உட்கார்றவங்களுக்கு ரோடு இருக்கு. பின்னாடி உட்கார்றவங்களுக்கு என்ன இருக்கு? முன்னாடி இருக்கிறவங்க பின்மண்டை."

அவள் சொன்னபோது அந்தப் பின்மண்டை எனக்குத் தெரிந்தது. அப்பாவுடையது. எங்கள் பயணங்கள் எல்லாவற்றிலும் நான் இடது பக்கம், தங்கை வலது பக்கம், நடுவில் அம்மா. அம்மா பார்த்த ஊர்கள் எல்லாம் அப்பாவின் இரண்டு காதுகளுக்கும் வெளியே இருந்தவை மட்டுமே.

எனவே தங்கையின் காரில் பின்கதவு ஜன்னல் தாழ்வாக இறங்கும். தோளுக்குக் கீழே வரை கண்ணாடி. இதுதான் அவளுடைய கார். மற்றதெல்லாம் அதற்குப் போட்ட சட்டை.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டார். பாடம் நடத்துகிறவரை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மாணவர்கள் அவரைக் 'கோடு சார்' என்கிறார்கள். எந்தப் படத்தைக் காட்டினாலும், "கோடு பேசணும்" என்பாராம். இதைவிட வசதியான வில்லன் கிடைக்குமா? ஆனால் மனிதர் ஒத்துழைக்க மறுக்கிறார். சற்று முன்னால், கேட்காமலேயே அம்மாவின் முதுகுக்கு ஒரு தலையணை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். வில்லன்கள் தலையணை வைப்பதில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டியிருக்கிறது.

போன மாதம் அவர் தங்கையின் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்:

"மேடம், யோசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா சக்கரம் சின்னது. கார் செருப்பில்லாம வெளியே வந்த மாதிரி நிக்குது."

"பெருசாக்கட்டுமா சார்?"

"ஒரு சுற்று ஏத்திப் பாருங்க."

ஏற்றினாள்.

இங்கே ஒரு குறிப்பு அவசியம். இவர்கள் வரையும்போது காரை அடிக்கணக்கில் அளப்பதில்லை, சக்கரக் கணக்கில் அளக்கிறார்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே மூன்று சக்கரம் கொள்ள வேண்டும். ஜன்னலின் அடிக்கோடு, தரையிலிருந்து ஒரு சக்கரமும் இன்னும் கொஞ்சமும். கண்ணுக்கு எல்லாம் பொருந்திவருவதற்கு இது நல்ல வழி.

சக்கரம் பெரிதானதும், அதால் அளந்த எல்லாமும் கூடவே பெரிதாயின. ஜன்னலின் அடிக்கோடு மேலே ஏறியது. கூரையை மட்டும் அவள் ஏற்றவில்லை. ஏற்றினால் பஸ் மாதிரி ஆகிவிடும். ஆகவே ஏறிவந்த கோட்டுக்கும் அசையாத கூரைக்கும் நடுவில் ஜன்னல் ஒடுங்கியது. பாதி மூடிய கண்ணைப் போல ஆனது. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் இருக்கிற ஒருவருடைய கண்.

கோடு சார் வந்தார். நெடுநேரம் நின்றார். "பேசுது மேடம்," என்றார்.

வகுப்பே வந்து பார்த்தது. அன்றைக்கு என் தங்கை எனக்குப் போன் செய்து விடாமல் சிரித்தாள்.

உள்ளே உட்கார்ந்திருந்த ஆள் மட்டும் வளரவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

5

இன்று மதியம் அம்மா இந்தச் சட்டத்துக்குள் ஏறினாள். சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நிஜக் காரில் ஏறுவதுபோலவே தலையைக் குனிந்து. நடு இடத்துக்கு நகரப் பார்த்தவளைத் தங்கை பிடித்து நிறுத்தினாள்.

"ஓரத்துலயே உட்காரும்மா. உனக்கு ஜன்னல் சீட்."

"அப்போ நடுவுல யாரு?"

"யாரும் வேண்டாம். இப்போ வெளிய பாரு. என்ன தெரியுது?"

அம்மா பார்த்தாள். கழுத்தை உயர்த்திப் பார்த்தாள். அட்டைக் கதவின் விளிம்பில் விரல்களை வைத்து மூக்கை நீட்டினாள். எங்கள் வீட்டு மதில் மேல் ஏறப் பார்க்கும் பூனையின் சாயல் இருந்தது.

"கதவு தெரியுது," என்றாள்.

"அதுக்கு மேல?"

"மேல அந்த ட்யூப்லைட் தெரியுது. நல்லா எரியுது."

தங்கை சுவருக்குப் போனாள். டேப்பின் மேல் விரலை ஓட்டினாள். சக்கரத்தைச் சாணால் அளந்தாள், கதவை அளந்தாள். பிறகு சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"ஐயோ அக்கா. எல்லாத்தையும் சக்கரத்தால அளந்திருக்கேன். அம்மாவைத் தவிர."

அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, சட்டத்துக்குள்ளிருந்தே சமாதானம் பேசினாள். "இப்ப என்னடி ஆயிடுச்சு? கார் பார்க்க லட்சணமா இருக்குல்ல? நான் எப்பவுமே கார்ல கண்ணை மூடிட்டுத்தான் வருவேன். எனக்கு எதுக்கு ஜன்னல்?"

"ஏம்மா கண்ணை மூடிப்ப?"

"பார்க்க என்ன இருக்கு? உங்கப்பா தலைதான்."

மூவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் களிமண் அடுப்பு ஓடும் சத்தம் கேட்டது.

[இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அம்மா இவ்வளவு பொருத்தமாகப் பேசுவாளா? நான் திருத்தினேனா? அவளைக் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்று திரும்பினால் தூங்கிப்போயிருக்கிறாள். சொன்னபடியே, கண்ணை மூடிக்கொண்டு.]

6

முடிவு ஒன்று. தங்கை கோட்டை இறக்குகிறாள். கார் கொஞ்சம் பஸ்ஸாகிறது. தேர்வுக்குழுவில் யாரோ ஒருவர் இந்தச் சட்டத்துக்குள் ஏறி உட்கார்ந்து, வெளியே பார்த்து, கண் கலங்கி...

இதை நான் எழுதத் தொடங்கியதை அவள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். அட்டைக்கு மேலாகத் தலையை நீட்டினாள்.

"என்ன எழுதுற?"

"ஒண்ணுமில்ல."

"நீ எழுதினா நான் ஜன்னலை இறக்கிடுவேன். எல்லாரும் கைதட்டுவாங்க. அதானே?"

"இறக்க மாட்டியா?"

டேப் சுருளை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தாள். பிறகு அம்மாவை எழுப்பிவிடாத குரலில் சொன்னாள்:

"அக்கா, தப்பா வந்ததுதான் அழகா இருக்கு. நான் வரைஞ்சதுலயே இதான் அழகு. சரியா வரைஞ்சது எதுவும் இப்படி வந்ததில்ல. எனக்கு அந்தக் கண்ணைத் திறக்க மனசு வரல. இதை எழுதுவியா?"

எழுதிவிட்டேன்.

முடிவு இரண்டு. அவள் கோட்டை அப்படியே விடுகிறாள். தேர்வாகிறாள். களிமண்ணில் அவளுடைய கார் எழுகிறது, கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு. இதில் அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாருடைய அம்மாவும் வாய்விட்டுக் கேட்காத ஒரு ஜன்னலுக்காக, வாழ்நாளில் கைவந்த ஒரே அழகை உரித்துப் போடு என்று நான் எப்படிச் சொல்வேன்? நானாக இருந்தால் உரிக்க மாட்டேன். உரித்ததில்லை.

முடிவு மூன்று: ஜன்னலை இறக்கி, அழகையும் காப்பாற்றும் வேறொரு கோடு. தங்கை மதியத்திலிருந்து ஸ்கெட்ச் மேல் ஸ்கெட்சாகத் தேடிய கோடு இதுதான் என்று நினைக்கிறேன். தரையெல்லாம் தாள்கள். எதிலும் அது இல்லை. கதையில் மட்டும் அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பது திருட்டு.

7

பிற்பகல் சாய்ந்துகொண்டிருக்கிறது. வெளிச்சம் சுவர் நெடுக நகர்வதால் சுவரில் இருக்கும் கார்கள் எதிர்த்திசையில் போவதுபோல இருக்கிறது. இந்தச் சட்டமும் போகிறது. சத்தியமாக. சக்கரமில்லாமல், ஓட்டுகிறவர் இல்லாமல், முன்னிருக்கையில் எந்தத் தலையும் இல்லாமல் நாங்கள் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறோம். அம்மா என் தோளில் சாய்ந்துவிட்டாள். அவளுடைய மூச்சு என் கழுத்தில் படுகிறது.

இப்போது, நான் இதை எழுதும்போதே, தங்கை சுவருக்குப் போகிறாள். ஜன்னலின் அடிக்கோட்டை முன்பக்க நுனியில் நகத்தால் கிளப்புகிறாள். மெதுவாக உரித்துக்கொண்டே பின்பக்கம் நடக்கிறாள். டேப் சுவரை விட்டு வரும் சத்தம், யாரோ நீளமாக மூச்சு இழுப்பதுபோல. முழுக் கோடும் கையோடு வந்துவிட்டது. அது இருந்த இடத்தில் மெல்லிய தடம் மட்டும் இருக்கிறது.

உரித்ததால் முடிவெடுத்துவிட்டாள் என்று எண்ணிவிடாதீர்கள். நானும் ஒரு கணம் அப்படித்தான் எண்ணினேன். உரித்த கோட்டை உரித்த இடத்திலேயே திரும்ப ஒட்டலாம். புதிதாய் ஒட்டினால் இன்னும் நேராகக்கூட வரும்.

சுருளிலிருந்து புது டேப்பை இழுக்கிறாள். இத்தனை நீளக் கோட்டை ஒருத்தியால் ஒட்ட முடியாது. முன்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வர, பின்னால் ஒருவர் நுனியை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

"அக்கா, வா. வந்து பிடி."

நான் எழுந்தால் அம்மா விழித்துக்கொள்வாள். விழித்தால், "எனக்கு எதுக்கு ஜன்னல்" என்று மறுபடி தொடங்குவாள். தங்கை அதைக் கேட்காமல் ஒட்ட வேண்டிய கோடு இது. நான் சொல்வதையும் கேட்காமல்.

ஆகவே நீங்கள் போங்கள். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள். நுனியை உங்களிடம் கொடுப்பாள். உயரத்தைக் கேட்காதீர்கள். இறக்கு என்றோ இருக்கட்டும் என்றோ முகத்தில்கூடக் காட்டாதீர்கள். டேப் தொய்யாமல் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அவள் கை சுவரில் எங்கே நிற்கிறதோ, அந்த உயரத்துக்கு உங்கள் கையையும் கொண்டுபோங்கள்.