வாடிய ரோஜா

கேக் கடையில் சர்க்கரைப் பூ செய்யும் அக்காவுக்கு முதலாளி ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: கல்யாணக் கேக்கில் ரோஜா நன்றாக அமைந்தால், கேக்குக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டையில் அவள் பேர்.

"பசை சேர்த்த சர்க்கரை மாவு, கம் பேஸ்ட்தான் சார் காஞ்சு விறைப்பா நிக்கும். ஃபான்டன்ட் மெத்துன்னு இருக்கிற மாவு, தொங்கிடும்," என்றாள் அக்கா.

"படிச்சுட்டு வந்தவன் நானா, நீயா? ஃபான்டன்ட்லயே செய்," என்றார் முதலாளி, சுவரில் தொங்கிய சான்றிதழைக் காட்டி.

மண்டபத்தில் இதழ்கள் ஒவ்வொன்றாகத் தலைகவிழ்ந்தன.

"அடடா, நிஜமாவே வாடின மாதிரி இருக்கே!" என்று மாப்பிள்ளையின் அத்தை வியந்தாள்.

"அதுதாங்க நம்ம கைவண்ணம்," என்றார் முதலாளி கூசாமல்.

மறுநாள் அக்காவிடம் வந்தார். "வாடின ரோஜா இன்னும் பத்து கேக்குக்கு வேணும். தொங்கினது அப்படியே நிக்கணும், கம் பேஸ்ட்லயே செஞ்சுடு."

"அட்டைல என் பேரு சார்?"

"வாட வெச்சது யாரும்மா? நான்தானே!"