ஊசி முதலில் யாருக்கு

ஆஸ்திரேலியாவில் பல் வைத்தியரை யாரும் டொக்டர் என்று அழைப்பதில்லை, வெறும் மிஸ்டர்தான் என்ற செய்தியை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நித்தியானந்தன் வேறு ஏதாவது கண்டத்துக்குப் போயிருப்பார். பேராதனையில் பட்டம் எடுத்தவர். லண்டனில் போய்ப் பெயருக்குப் பின்னால் இன்னும் சில எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டவர். அப்படிப்பட்டவரை மெல்பேர்ணில், டன்டினோங் கடைத்தெருவில் இருந்த அவருடைய சொந்தக் கிளினிக்கிலேயே, மொரீன் என்ற நேர்ஸ், "மிஸ்டர் நித்தி, தேநீர் ஆறுகிறது" என்று கூப்பிட்டாள்.

இந்த நட்டத்தை அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஈடுசெய்துகொள்வார். நோபல் பார்க்கிலும் அதைச் சுற்றியும் இருந்த சொற்பத் தமிழ்க் குடும்பங்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடும். அங்கே அவர் டொக்டர். உட்கார வீட்டிலேயே நல்ல கதிரை அவருக்கு. மடியில் தட்டை வைத்துக்கொண்டு, மெல்பேர்ண் தண்ணீரில் அரசாங்கம் ஃபுளோரைட் கலக்கப் போவதைப் பற்றி ஏதோ தன்னைக் கேட்டுத்தான் முடிவெடுத்ததுபோலப் பேசுவார். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் போய் இறங்கும்.

"என்ரை கையிலை ஒரு பிள்ளை அழுதது கிடையாது. கேட்டுப் பாருங்கோ."

அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். ஊசியைப் பிள்ளையின் கண்ணில் காட்டக் கூடாது. மொரீன் அதைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து கையில் தருவாள். "எறும்பு கடிச்ச மாதிரி" என்று சொல்ல வேண்டும். என்ன எறும்பு என்று பிள்ளை யோசிப்பதற்குள் ஊசி இறங்கிவிடும். மிச்சத்தை மொரீனின் கைகள் பார்த்துக்கொள்ளும். அவை பால்பண்ணையில் வளர்ந்த கைகள். கன்றுக்குட்டி திமிறினாலும் விடாதவை. அதற்குப் பிறகும் பிள்ளை கத்தினால், அது பயத்தில் கத்துவது. அழுகைக் கணக்கில் வராது. "நோவு எண்டது முக்கால்வாசி மனப்பிராந்திதான்" என்று சொல்லிவிட்டு அவர் சிரிப்பார். சொத்தையே காணாத பல்வரிசை. அதையும் தன் பட்டங்களில் ஒன்றாகவே அவர் நினைத்திருந்தார்.

இன்னொரு விஷயமும் அவருக்கு நிறைவைத் தந்தது. அவர் ஒரு வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும், ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் கப்சிப்பென்று அடங்கிவிடும். வெள்ளைக்காரனுடைய ஊரில் வளர்ந்தாலும் எங்கள் பிள்ளைகளுக்கு மரியாதை விட்டுப்போகவில்லை என்று மனைவியிடம் சொல்லி மகிழ்வார்.

எழுபத்தேழாம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு காலை, இரஞ்சிதம் தன் மகள் வைதேகியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு ஏழு வயது. இடது பக்க மேல் கடைவாயில் ஒரு பால்பல் வேர்வரை பழுத்து, போன கிழமை கன்னம் கண்வரைக்கும் வீங்கியிருந்தது. பென்சிலின் பாணி மருந்து கொடுத்து வீக்கத்தை வற்றவைத்திருந்தார். இனிப் பல்லை எடுத்தாக வேண்டும். போன தடவை அவர் ஒரு கணம்தான் எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவே இல்லை. இன்றும் திறக்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி முழு மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கு முறை வருவதற்குள் கன்னம் திரும்பவும் வீங்கிவிடும்.

"மயக்கம் எண்டால் எனக்கு ஈரல்குலை நடுங்குது, அண்ணை" என்றாள் இரஞ்சிதம். "சின்ன வயசிலை என்ரை தம்பியை மயக்கிப்போட்டு எழுப்ப ஏலாமல் அவங்கள் பட்ட பாடு… வேண்டாம். எப்பிடியாவது இண்டைக்கு நீங்களே எடுத்துவிடுங்கோ."

"நான் இருக்கேக்கை ஏன் பயப்பிடுறீர்? எத்தினை பிள்ளையளைப் பார்த்தனான்!"

வைதேகி கதிரையில் இருந்தாள். கால்கள் எட்டாமல் தொங்கின. உதடுகள் பூட்டுப்போட்டதுபோல இறுகியிருந்தன. மொரீன் கைகளைத் துடைத்துக்கொண்டு தலைமாட்டில் வந்து நின்றாள்.

"எங்கை, ஆ எண்டு காட்டுங்கோ பாப்பம்."

பூட்டுத் திறந்தது. ஆனால் பேசுவதற்கு மட்டும்.

"அங்கிள், நான் என்ன பிழை செய்தனான்?"

"பிழையோ?"

"நேற்றுச் சோறு முழுக்கச் சாப்பிட்டனான். கத்தரிக்காயும் சாப்பிட்டனான். அம்மாட்டைக் கேட்டுப் பாருங்கோ."

நித்தியானந்தன் தாயைப் பார்த்தார். தாய் நிலத்தைப் பார்த்தாள்.

"அது வந்து, அண்ணை… வீட்டிலை சும்மா வெருட்டிறது."

"என்னெண்டு?"

"சாப்பிடாட்டில் நித்தி அங்கிளிட்டைப் பிடிச்சுக் குடுப்பன், எல்லாப் பல்லையும் பிடுங்கிவிடுவார் எண்டு. நான் மட்டும் இல்லை அண்ணை, எல்லா வீட்டிலையும் உங்களைச் சொல்லித்தான் பிள்ளையளுக்குச் சோறு தீத்திறது. மகேந்திரராஜா அண்ணையின்ரை மகன் உங்கடை கார்ச் சத்தம் கேட்டாலே பாலை ஒரே மூச்சிலை குடிச்சு முடிச்சிடுவான்."

இரஞ்சிதம் இதை நன்றியோடுதான் சொன்னாள். நித்தியானந்தனுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவர் வாசலில் காலெடுத்து வைத்ததும் நின்றுபோன பந்து. மேசைக்குக் கீழே போன தலைகள். மரியாதை, மரியாதை என்று அவர் அனுபவித்தது முழுவதும் ஒரு பூச்சாண்டிக்குக் கிடைத்த வரவேற்பு.

"நீர் கொஞ்சம் வெளியிலை இரும்" என்றார். கதவைச் சாத்திவிட்டு வந்து, பழக்கதோஷத்தில், "இது தண்டனை இல்லை, பிள்ளை. கூடாத பல்லு, எடுத்துவிடோணும். நோகாது. எறும்பு கடிச்ச மாதிரி" என்றார்.

"எந்த எறும்பு?"

"என்ன?"

"எங்கடை வீட்டுக்குப் பின்னாலை கறுப்பாய், பெரிசாய் ஒரு எறும்பு இருக்கு. பாயும். அது கடிச்சு அப்பாவின்ரை கால் வீங்கினது. அப்பா அழுதவர். அந்த எறும்போ?"

யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த எறும்பை இந்த நாட்டில் அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

"அது இல்லை. சின்ன எறும்பு."

"உங்களுக்கு வாயிலை ஊசி போட்டதோ?"

"இல்லை."

"பல்லுப் பிடுங்கினதோ?"

"இல்லை."

"அப்ப எப்பிடித் தெரியும்?"

லண்டனில் மூன்று பேராசிரியர்கள் வட்டமாக இருந்து அவரைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் இது தோன்றவில்லை. நித்தியானந்தன் மொரீனைப் பார்த்தார். தமிழ் புரியாவிட்டாலும் அவர் தோற்றுக்கொண்டிருப்பது அவளுக்குப் புரிந்தது. முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முதல் நீங்கள் போடுங்கோ" என்றாள் வைதேகி. "பார்த்துப்போட்டு நான் சொல்லுறன்."

குறும்பு இல்லை, அடமும் இல்லை. அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. மொரீனுக்கு ஒரு கண் காட்டினால் போதும், அரை நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும். முடித்து முடித்துப் பழகிய காரியம். கண்ணைக் காட்டத் திரும்பியவருக்கு, கதிரைப் பிடியை இறுக்கியிருந்த அவளுடைய விரல்கள் தென்பட்டன. இரத்தம் சுண்டி வெளுத்திருந்தன. தொங்கிய கால்களில் சப்பாத்துகள் இரண்டும் ஒன்றோடொன்று தட்டி மெல்லிய சத்தம் எழுப்பின. அவ்வளவு நடுக்கத்துக்குள்ளும் இருந்துகொண்டு அந்தப் பிள்ளை, ஒன்றன்பின் ஒன்றாக, சரியான கேள்விகளை மட்டும் கேட்டிருக்கிறது. பயம் வந்தால் மனிதர் கத்துவார்கள், ஓடுவார்கள், பொய் சொல்வார்கள். இது விசாரிக்கிறது.

அவர் முக்காலியை இழுத்துப்போட்டு அவளுக்கு எதிரே இருந்தார். "மொரீன், கண்ணாடியைப் பிடி. எனக்குத்தான்."

"மிஸ்டர் நித்தி, உண்மையாகவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் மொரீன்.

"பிடி."

புது ஊசி பூட்டினார். இத்தனை வருடமாகத் தலைகளுக்குப் பின்னாலிருந்து வாங்கிக்கொண்ட சாமானை முதன்முறையாக எதிரே பார்த்தார். அடேயப்பா, எவ்வளவு நீளம்! மேலுதட்டைத் தூக்கினார். கண்ணாடியில் தெரிந்தது லண்டன் எழுத்துகள் எதுவும் இல்லாத ஒரு வெறும் வாய். குத்தினார்.

"ஐயோ அம்மா!"

கதவு படாரென்று திறந்தது. இரஞ்சிதம் கைப்பையும் கையுமாக நின்றாள். "என்ன அண்ணை? பிள்ளைக்கு என்ன?"

"எனக்கில்லை அம்மா" என்றாள் வைதேகி. "அங்கிளுக்கு."

இரஞ்சிதம் ஒருமுறை மகளையும் ஒருமுறை ஊசியையும் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

"நொந்ததோ, அங்கிள்?"

"நொந்தது."

"எவ்வளவு?"

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் இந்தக் கேள்விக்கு விடை தேடினார். "குத்தேக்கை சுருக்கெண்டுது. அது பெரிசில்லை. பிறகு மருந்து போகேக்கை உள்ளுக்கு நெருப்பு மாதிரி இறுக்கிச்சுது. அதுதான் கூட. கொஞ்ச நேரம். இப்ப…"

"இப்ப?"

மருந்து பிடித்துவிட்டது. உதடு போய்க்கொண்டிருந்தது. விரலால் தொட்டார். விரலுக்கு உதடு தெரிந்தது. உதட்டுக்கு விரல் தெரியவில்லை. பஸ்ஸில் நெருக்கத்தில் யாரோ வேறொருவருடைய முகத்தில் கை பட்டதுபோல இருந்தது. இந்த மருந்து நரம்பில் என்ன செய்கிறது என்று பலகையில் படம் போட்டு விளக்கியவர் அவர். படத்தில் இது இருக்கவில்லை. சற்று முன்னர் நெருப்பாய் எரிந்த இடத்திலிருந்து நோவு எழும்பி, சண்டை சச்சரவு இல்லாமல், கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டது. உலகத்தில் பிறந்த அத்தனை பேரையும் அழவைத்த நோவை இப்படி வெளியே நிற்கவைக்க மனிதர் கண்டுபிடித்திருக்கிறார்கள்! இந்த அதிசயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கள்ளனைப் பிடித்துக் கட்டுவதுபோலப் பிள்ளைகளை அமத்திப் பிடித்து, பொய் சொல்லி, பின்பக்கத்தால் அல்லவா கொடுத்திருக்கிறார்.

"உதட்டைக் காணேல்லை" என்றார்.

"இருக்கு அங்கிள். எனக்குத் தெரியுது."

"எனக்குத்தான் தெரியேல்லை. கிள்ளிப் பாருங்கோ."

வைதேகி கை நீட்டி மெதுவாகக் கிள்ளினாள். அவர் அசையவில்லை. பிறகு நன்றாக முறுக்கிக் கிள்ளினாள்.

"இதுவும் நோகேல்லையோ?"

"இல்லை."

"பொய்யில்லை?"

"பொய்யில்லை."

அவள் பின்னால் சாய்ந்து, மேலே எரிந்த விளக்கைப் பார்த்தாள். "அப்ப எனக்கு ஊசியைக் காட்டிப்போட்டுப் போடுங்கோ. நான் கை தூக்கினால் நிப்பாட்டோணும்."

"நிப்பாட்டுவன்."

மொரீனை விலகி நிற்கச் சொன்னார். வேலை இல்லாத கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் தவித்தாள். அதில் ஒரு விரலை வைதேகி எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அவர் வேறொரு புது ஊசி பூட்டி, அதை முன்பக்கத்தால் கொண்டுவந்து காட்டினார். அவள் அதை நுனியிலிருந்து அடிவரை பார்த்தாள். கண்கள் நிரம்பின. வாய் திறந்தது. ஈறு விறைக்கத் தடவும் மருந்தைப் பஞ்சில் வைத்துக் காத்திருந்து, பிறகு மெல்லக் குத்தி, துளித் துளியாக மருந்தை விட்டார். நெருப்பு எங்கே பிடிக்கும் என்று இப்போது அவருக்குத் தெரியும். கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது. சத்தம் இல்லை.

பாதியில் கை உயர்ந்தது.

அவர் நிறுத்தினார். ஊசியையும் வெளியே எடுத்தார். இனி அந்த வாய் மூடிக்கொள்ளலாம். மூடினால் ஆஸ்பத்திரி, மயக்கம், வாசலில் அந்தத் தாய். ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லலாமா என்று நினைத்தார். அவருடைய ஆறுதல் வார்த்தைகள் எல்லாமே பொய்யாக இருந்தன. ஊசியை இறக்கிப் பிடித்துக்கொண்டார்.

வைதேகி மூக்கால் மூச்சு விட்டாள். அவர் உண்மையாகவே நிறுத்திவிட்டாரா என்று முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையை மடியில் இறக்கிவிட்டு, முன்பைவிட அகலமாக வாயைத் திறந்தாள். எவ்வளவு நோகும் என்று தெரிந்துகொண்டு, நிறுத்த முடியும் என்றும் தெரிந்துகொண்டு, தானாகத் திறந்தாள்.

நித்தியானந்தனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனையோ வாய்களுக்குள் எட்டிப் பார்த்தவருக்கு, ஒரு வாய்க்கு முன்னால் தலை குனிய வேண்டும்போல இருந்தது அதுதான் முதல் தடவை.

கன்னம் விறைத்ததும் பல் பிடுங்கும் குறட்டை எடுத்துக் காட்டினார். "இனி நோகாது. ஆனால் இழுக்கிறது தெரியும். தலைக்குள்ளை சுவர் இடியிற மாதிரிச் சத்தம் கேக்கும். பயப்பிடாதேங்கோ எண்டு சொல்லமாட்டன். கேக்கும் எண்டு மட்டும் சொல்லுறன்."

அவள் தலையாட்டினாள். சத்தம் கேட்டபோது கண்களை அகல விரித்தாள், கை உயரவில்லை. பல் வந்துவிட்டது. தட்டில் கிடந்ததை எட்டிப் பார்த்தாள். ஒரு மாதுளை முத்தளவுகூட இல்லை. நடுவில் கறுப்பாக ஒரு குழி.

இரஞ்சிதம் உள்ளே வந்து, மகளின் வாயில் பஞ்சைக் கண்டதும் சுவாமிக்கு ஒரு கும்பிடு போட்டாள். "பாத்தியே, சும்மா பயந்தனி. நோகேல்லைத்தானே? எறும்பு கடிச்ச மாதிரித்தானே?"

பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்த வைதேகி நித்தியானந்தனைப் பார்த்தாள்.

வழக்கமாக இந்த இடத்தில்தான் அவர் தன் கைராசியைப் பற்றிப் பேசத் தொடங்குவார். வாயைத் திறந்தார். மேலுதடு ஒத்துழைக்கவில்லை, ஓரத்தால் எச்சில் வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"நொந்தது, இரஞ்சிதம். நல்லா நொந்தது. பிள்ளை தெரிஞ்சுகொண்டு இருந்து தாங்கினவ."

வைதேகி கதிரையிலிருந்து தானாக இறங்கினாள். தாய் நீட்டிய கையைப் பிடிக்காமல் கதவுவரை நடந்து போனாள். அங்கே நின்று திரும்பி, பஞ்சு வாயோடு ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டுப் போனாள். வேலையைச் சரியாகச் செய்தவனை ஒரு பெரிய மனிதர் அங்கீகரிப்பதுபோல இருந்தது.

அடுத்த பிள்ளை காத்திருப்பதாக மொரீன் வந்து சொன்னாள். நித்தியானந்தன் பெரிய கதிரையில் ஏறி மல்லாந்திருந்தார். அதில் வைதேகியின் சூடு இன்னும் இருந்தது. தலைக்கு மேலே விளக்கு ஒரு சூரியனளவு எரிந்தது. பக்கத்தில் இரும்புத் தட்டு. தலைமாட்டில், தலைகீழாக, மிகப் பெரியதாக, மொரீனின் முகம்.

"உடம்புக்கு ஏதாவது செய்கிறதா, மிஸ்டர் நித்தி?"

"இல்லை" என்றார். "இங்கிருந்து பார்த்தால் நீ எவ்வளவு பெரிதாக இருக்கிறாய் என்று உனக்குத் தெரியுமா?"