எட்டு எண்ணும் வரை

அவன் தலையில் ஒயர் ஒட்டும் வேலை ஒரு மணி நேரமாக நடந்துகொண்டிருந்தது. தூங்குகிறவர்களின் மூச்சை இயந்திரத்தில் பதிவுசெய்து நோயைக் கண்டுபிடிக்கும் பயிற்சிக்குப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். எட்டு டாக்டர்கள், நான்கு நர்சுகள். ஆளுக்கொரு ஒயர் என்று முறை வைத்து, மண்டையை நாடாவால் அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, பசையைத் தடவி அழுத்தினார்கள். ஒரு நர்ஸ் ஒட்டியது கழன்று விழுந்தது. மறுபடி முதலிலிருந்து அளந்தாள். முடிவெட்டிக்கொள்ள வந்தவன் மாதிரி அவன் ஆடாமல் உட்கார்ந்திருந்தான்.

"தூங்கிடாதீங்க, இன்னும் காலுக்கு ஒட்டணும்" என்றார் பாடம் நடத்தும் டாக்டர்.

"அதுதானே சார் என் வியாதியே?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் மனைவிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

காலை பத்து மணிதான். ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. வகுப்பு பகலில் என்பதால் இரவு வேலை பார்க்கிற ஆளாகத் தேடியிருந்தார்கள். அவன் பால் வண்டி ஓட்டுகிறவன். பகல் முழுக்கத் தூங்கினாலும் அவனுக்குத் தூக்கம் தீராது. டிப்போவில் கொட்டாவி என்றுதான் கூப்பிடுவார்கள். போன மாதம் வண்டியோடு போய் ஒரு பள்ளிக்கூடச் சுவரில் மோதினான். விடிவதற்கு முன்னால் என்பதால் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் இல்லை.

"தூங்கிட்டு ஓட்டினா வேலை போச்சு" என்று மேலாளர் சொல்லியிருந்தார். "வியாதின்னு டாக்டர் எழுதிக் குடுத்தா, குணமாகிற வரைக்கும் உள்ளே வேற வேலை குடுத்தாகணும். அது சட்டம். ரெண்டுல எதுன்னு பேப்பரைக் கொண்டா." விசாரணை நாளைக்கு. இந்தப் பரிசோதனையை வெளியில் எடுக்க அவர்களால் ஆகாது. வகுப்புக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, மூன்று நாள் நாயாக அலைந்து அவன் பெயரைச் சேர்த்தவள் அவன் மனைவிதான்.

கட்டிலில் ஏறும்போது, "அவ பக்கத்துல இருக்கட்டும் சார். இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது" என்றான்.

டாக்டர் நாற்காலி ஒன்று போடச் சொன்னார். "பேசக்கூடாது, லைட்டைப் போடக்கூடாது, செல்போனை அணைச்சு வச்சிடணும். புரியுதாம்மா?" அவள் மூன்றுக்கும் தலையாட்டினாள்.

இரண்டே நிமிடத்தில் குறட்டை கிளம்பியது. இருட்டில் அவள் கை தானாகப் போய் அவன் நெஞ்சின்மேல் படிந்தது. குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றது. நெஞ்சு அசையவில்லை. ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணினாள். எட்டு வந்ததும் விலாவில் ஒரு தட்டுத் தட்டினாள். தொண்டை திறந்து காற்று உள்ளே போனது. கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக இப்படித்தான். அவள் அரைத் தூக்கத்தில்கூட எண்ணுவாள்.

அடுத்த அறையில் பன்னிரண்டு பேரும் திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலுக்கு மேலே இருந்த கேமராவைப் பழுது பார்க்கக் கொண்டுபோயிருந்தார்கள். பாடத்துக்குக் கோடுகள் போதும் என்று டாக்டர் விட்டுவிட்டார்.

"மூச்சு பத்து செகண்டு நின்னாத்தான் கணக்கு. ஒன்பதரைன்னாலும் கிடையாது" என்றார்.

"சார், எட்டு எட்டா நின்னு நின்னு வருதே. ஒவ்வொரு தடவையும் திடுக்குனு முழிச்சுக்கறாரு" என்றாள் கண்ணாடி போட்ட இளம் டாக்டர்.

"புது இடம், புதுக் கட்டில். தூக்கம் கலையத்தான் செய்யும். விதியில என்ன இருக்கோ அதைக் குறிங்க."

குறித்தார்கள்.

நான்கு மணிக்கு அவளை வகுப்புக்குள் கூப்பிட்டார்கள். அவன் தலையில் காய்ந்திருந்த பசையைக் கழுவப் போயிருந்தான்.

"நல்ல சேதிதாம்மா. மூச்சு நிக்கிற வியாதி எதுவும் இல்லை. பத்து செகண்டுக்கு ஒரு தடவைகூட நிக்கலை" என்றார் டாக்டர்.

"எப்படிங்க நிக்கும்? எட்டு எண்ணினதும் நான்தான் தட்டிடுவேனே." வேலையைச் சரியாகச் செய்தவளின் பெருமையோடுதான் சொன்னாள்.

பன்னிரண்டு பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"இங்கேயும் தட்டினீங்களா?" என்றார் டாக்டர்.

"ஆமாங்க. தட்டாம எப்படிங்க விடறது?"

"விட்டா எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று கேட்டாள் கண்ணாடி டாக்டர்.

"தெரியலையேம்மா. எட்டுக்கு மேல எண்ணினதே இல்லையே."

எல்லோருடைய முகத்தையும் பார்த்த பிறகுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. "இன்னொரு தடவை எடுங்க ஐயா. நான் தெருவுல போய் நின்னுக்கறேன்."

"மெஷின் அஞ்சு மணிக்கு வேற ஊருக்குப் போகுதும்மா. ரிப்போர்ட்டையும் டிப்போவுக்கு அனுப்பியாச்சு. எட்டு மாசம் கழிச்சு அடுத்த வகுப்பு. முதல் பேரா உங்க வீட்டுக்காரர் பேரை எழுதிக்கறேன்."

"விசாரணை நாளைக்குங்க."

டாக்டர் வகுப்பின் பக்கம் திரும்பினார். "இதைக் குறிச்சுக்கங்க. கூட வர்றவங்களை உள்ளே விடக்கூடாது." பன்னிரண்டு பேரும் குனிந்து எழுதினார்கள்.

வெளியே பெஞ்சில் ஈரத் தலையோடு அவன் உட்கார்ந்திருந்தான். "என்ன சொன்னாங்க?"

"பேப்பர் தருவாங்களாம்" என்றாள். அவன் சுவரில் தலையைச் சாய்த்தான். உடனே தூங்கியும் போனான்.

கண்ணாடி டாக்டர் ரிப்போர்ட்டோடு வந்தபோது குறட்டை நின்றது. மனைவியின் கை எழுந்தது. கண்ணாடி டாக்டர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மனைவி எழுந்த கையை இழுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டாள். எட்டு. ஒன்பது. பத்து. இருபதில் அவன் உதடு கறுத்தது. எண்ணிக்கொண்டே அழுதாள். முப்பத்துநான்கில் அவன் தானாகவே ஒரு வாய் காற்றை விழுங்கினான்.

கண்ணாடி டாக்டர் உள்ளே ஓடினாள். திரும்பி வரும்போது மெதுவாக வந்தாள்.

"கண்ணால பார்த்ததை எழுத முடியாதாம்க்கா. மெஷின்ல பதிஞ்சிருக்கணுமாம்." அதே ரிப்போர்ட்டை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

ஆபீஸ் பையன் வந்து பரிசோதனை அறைக் கதவில் ஒரு தாளைத் தட்டித் தட்டி ஒட்டினான். அந்தச் சத்தத்தில் அவன் விழித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"கூட வருபவர்களுக்கு அனுமதி இல்லை. தூங்குபவரைத் தொடக் கூடாது." படித்துவிட்டுச் சிரித்தான். "எவளோ சும்மா இருக்காம கையை வச்சிருக்கா. யார் குடியைக் கெடுத்தாளோ, பாவம்."

அவள் கை இன்னும் தொடைக்கு அடியில்தான் இருந்தது. மரத்துப் போயிருந்தது.